வெள்ளவத்தை வழியாக லண்டன்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த மலரில் எழுதுகிற பழைய மாணவிகள் எல்லாரும் டாக்டர், எஞ்சினியர், அதிபர் என்று இருப்பவர்கள். நான் கொட்டாஞ்சேனையில் இதே பாடசாலையில் ஓ.எல். பரீட்சை எழுதி, முடிவு வருமுன்பே வேலைக்குப் போனவள். ரீச்சர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் கையைத் தூக்காமல் மேசைக்குக் கீழே வைத்திருந்தவள். சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது மறுக்கக் கூச்சமாக இருந்தது. எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டு கூச்சத்தில் சின்னது எது என்று பார்த்து எழுதுகிறேன்.

நான் வெள்ளவத்தையில் ஒரு சிறிய ட்ரவல் ஏஜென்சியில் டிக்கட் போடுகிற வேலையில் இருந்து போன வருடம் ஓய்வுபெற்றேன். அண்மையில் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். முதலாளியின் பேத்திதான் இப்போது அங்கே இருக்கிறாள். போனில் இரண்டு விமான நிலையத்தின் பெயரைத் தட்டினாள். தூரம் இவ்வளவு, பறக்கிற நேரம் இவ்வளவு என்று உடனே வந்தது. "இதச் சொல்றதுக்கா மிஸ் இவ்வளவு காலம் இங்க இருந்தீங்க?" என்று கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் பதில் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எனக்குப் பதில்கள் எப்போதும் பஸ்ஸில்தான் வரும்.

அந்த பஸ் பயணமே ஒரு பதில்தான். கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம் ஒன்றேகால் மணித்தியாலம் பறக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு, காலி வீதி நல்ல குணத்தில் இருந்தால், அதே ஒன்றேகால் மணித்தியாலம். விமானத்தில் தேநீர் தருவார்கள். பஸ்ஸில் மற்றவர்களின் முழங்கை தருவார்கள். அதைத் தவிர எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, காதில் பேனை. என்னைப் 'புள்ள' என்று கூப்பிடுவார். வேலை பழகிய காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறிகளைப் பாடமாக்கினேன், தவறாகச் சொன்னபோது மறுபடி பாடமாக்கினேன். அவர் கற்றுத் தந்ததில் முக்கியமானது கழித்தல் கணக்கு.

டிக்கட்டில் ஏறுகிற நேரம் ஏறுகிற ஊர் மணிக்கூட்டின்படி இருக்கும், இறங்குகிற நேரம் இறங்குகிற ஊர் மணிக்கூட்டின்படி இருக்கும். சனங்கள் ஒன்றிலிருந்து ஒன்றை நேரே கழித்துவிட்டு வந்து சண்டை பிடிப்பார்கள். "லண்டனுக்குப் போகேக்க ஆறரை மணித்தியாலம், திரும்பி வரேக்க பதினாறு. என்ன தங்கச்சி, வரேக்க ஏத்தமோ?" என்று ஒருவர் உண்மையிலேயே கேட்டார். "ரெண்டு மணியையும் மொதல்ல ஒரே ஊருக்குக் கொண்டு வா, பொறவு கழி" என்பது ஹாஜியாரின் விதி.

ஆனால் அவர் வாடிக்கையாளருக்கு மணித்தியாலக் கணக்குச் சொல்லமாட்டார். சாப்பாட்டுக் கணக்குத்தான். "லண்டனா? ரெண்டு சாப்பாடு, ஒரு நித்திர." "சென்னயா? டீக் கப்பக் குடுத்துட்டு, நீங்க குடிக்க முந்தி வாங்கிருவாங்க." இதைக் கேட்டு வெளியே போகிறவர்களின் முகத்தில் பயம் குறைந்திருக்கும்.

அவருடைய மற்றப் பழக்கம், பயணி எந்த நிபந்தனை சொன்னாலும் சிரிக்காமல் எழுதிக்கொள்வது. மரக்கறிச் சாப்பாடு, நடைபாதை ஓரத்து ஆசனம் என்று எழுதுகிற அதே முகத்தோடு 'செவ்வாய்க்கிழமை வேண்டாம்' என்றும் எழுதுவார். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துச் சைவ ஆட்கள். அவர்களுக்காக விமான நேர அட்டவணைக்குப் பக்கத்தில் பஞ்சாங்கம் வைத்திருந்தார். ஒன்றில்லை, வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று, இரண்டும். "ரெண்டும் ஒத்துக்கொள்ற நாள்ல டிக்கட் போட்டா கென்சல் பண்ண வரமாட்டாங்க புள்ள" என்பார்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் சிவபாதம் அங்கிள்.

அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். எங்கள் அலுவலகம் காலி வீதியில் முதலாம் மாடி. அவருடைய வீடு வீதிக்கு அந்தப் பக்கம் பிரிகிற ஒழுங்கை முகப்பில் உள்ள தொடர்மாடியில் நாலாம் மாடி. எங்கள் ஜன்னலில் நின்றால் அவர்களுடைய பல்கனியும் துணிக் கொடியும் நேரே தெரியும். ஒரே மகள் வதனி லண்டனில். வதனியின் முதல் பிள்ளைப்பேற்றுக்குப் போவதற்கு டிக்கட் போட்டு, நாள் சரியில்லை என்று கென்சல் பண்ணினார். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குப் போட்டு, புறப்படுகிற காலை பல்லி சொன்னதென்று கென்சல் பண்ணினார். பிறகும் ஒருமுறை. இப்போது வதனிக்கு இரண்டாவது பிள்ளை பிறக்க இருந்தது. அவர் மனைவி தவமணி அன்ரி எங்கள் அலுவலகத்துக்கு அவருக்குப் பின்னால் வந்து, பின்னால் இருந்து, பின்னால் போவார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அங்கிள் போட்டோக்கொப்பி எடுக்கப் போன இடைவெளியில், "பிள்ளை, இந்தமுறையும் பயணம் நிண்டால் அவள் இனிக் கூப்பிடமாட்டாள்" என்று மட்டும் சொன்னார்.

அங்கிளுக்குச் சாப்பாட்டுக் கணக்குச் செல்லவில்லை. அவர் ஒரு பூகோள உருண்டையையும் நூலையும் கொண்டுவந்து, கட்டுநாயக்காவிலிருந்து லண்டனுக்கு இழுத்துப் பிடித்து, எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர் அளவில் வருகிறது என்றார். சரியாகத்தான் இருந்தது. பிறகு சூலம் பார்த்தார். நூல் வடக்கும் மேற்குமாகப் போனது. ஆகவே வடக்கே சூலம் உள்ள செவ்வாய், புதன் கூடாது. மேற்கே சூலம் உள்ள வெள்ளி, ஞாயிறு கூடாது. திங்களும் சனியும் வீட்டை விட்டு இறங்குகிற நேரத்தில் ராகுகாலம் குறுக்கே வந்தது. மிஞ்சியது வியாழன். வியாழனில் ராகுகாலம் பின்னேரம் ஒன்றரைக்குத் தொடங்கும். விமானம் ஒரு மணிக்கு மேலே ஏறும்.

"அப்ப ராகுகாலத்தில நான் அரபிக் கடலுக்கு மேல நிப்பன்" என்றார் அங்கிள். "அதோட ஹாஜியார், பிளேன் சூரியன் போற பக்கமாப் போகுது. தரையில ஒன்றரை மணித்தியாலத்தில முடியிற ராகுகாலம் மேல இரண்டரை மணித்தியாலம் இழுக்கும். நான் போட்டுப் பாத்திட்டன்."

கணக்குக் கடதாசியை நீட்டினார். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு அதை முழுதாகப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. நான் மேசைக்குக் கீழே விழாத பேனையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"சரியான கணக்கு" என்றார் ஹாஜியார். "ஆனா ஒண்டு கேக்கட்டா மாஸ்டர்? நீங்க பாக்குறது எந்த ஊர்ச் சூரியன்?"

"போற போற ஊர்ச் சூரியன்."

"நீங்க அந்த ஊர்கள்ல எறங்கப் போறீங்களா?"

"இல்லை."

"அப்ப அந்த ஊர்ச் சூரியனுக்கும் உங்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? எறங்கும்வரைக்கும் கையில கொழும்பு மணிக்கூட்டக் கட்டிக்கொள்ளுங்கோ. ஒன்றர மணித்தியாலத்தில முடிஞ்சிரும்."

அங்கிள் கொஞ்ச நேரம் உருண்டையைப் பார்த்தார். "அதையும் ஏற்கலாம்" என்றார். ஹாஜியார் அடுத்த தீர்ப்பையும் சூட்டோடு சூடாகச் சொன்னார். பயணம் என்பது வீட்டுப் படி இறங்குகிற நேரம்தான். அது நல்ல நேரமாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் வழி. "இறங்கின பிறகு திரும்பி வீட்டுக்குள்ள போகக்கூடாது. அது எங்கட முறை" என்று அங்கிள் சேர்த்துக்கொண்டார். ஹாஜியார் அதையும் நிபந்தனையாக எழுதிக்கொண்டார். தவமணி அன்ரியின் கை முதல் தடவையாகக் கைப்பையை விட்டு எடுபட்டதைக் கண்டேன்.

அந்த வியாழக்கிழமை காலை அங்கிள் நல்ல நேரத்தில் வலது காலை வைத்துப் படி இறங்கினார். வான் வர நேரமிருந்ததால் பெட்டிகளோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து இருந்தார்கள். பலரும் அப்படித்தான் செய்வார்கள். நல்ல நேரத்தில் இறங்கி, எங்கள் நாற்காலிகளில் காத்திருந்து, வான் வந்ததும் போவார்கள். வான் சாரதி சுனில் வந்து, "மிஸ், யமுத?" என்று, போவோமா எனச் சிங்களத்தில் கேட்டுக்கொண்டு ஒரு பெட்டியைத் தூக்கினான். அப்போது தொலைபேசி அடித்தது. விமானத்தில் ஏதோ கோளாறு. இன்று போகாது. நாளைக்கு இதே நேரம்.

நான் ரிசீவரை வைத்துவிட்டுச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. மெதுவாகச் சொல்லியிருப்பேன், ஏனென்றால் எல்லாரும் "என்ன?" என்று கேட்டார்கள்.

"நாளைக்கு வெள்ளி" என்றார் அங்கிள். "மேற்கே சூலம். அட்டமி வேற." இரண்டு பஞ்சாங்கத்தையும் புரட்டினார். இரண்டும் ஒத்துக்கொள்ளும் அடுத்த வியாழனுக்கு இரண்டு கிழமை இருந்தது. பிள்ளை அதுவரை பார்த்துக்கொண்டிருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். தவமணி அன்ரி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். சுனில் நிலைமை விளங்காமல், தூக்கிய பெட்டியை இறக்காமலே, "ஹெட்டத மிஸ்? நாளைக்கா?" என்று என்னிடம் இரண்டு பாஷையிலும் கேட்டான்.

"மாஸ்டர், நீங்க இண்டைக்கு நல்ல நேரத்தில எறங்கின நீங்கதானே?" என்றார் ஹாஜியார்.

"ஓம்."

"அப்ப பயணம் தொடங்கிட்டு. துபாய் வழியாப் போறவங்க துபாயில ஒரு நாள் நிக்கிறல்லயா? அதுமாதிரி நீங்க இப்ப வெள்ளவத்தயில ட்ரான்ஸிட். நாளைக்கு வீட்டில இருந்து புறப்பட மாட்டீங்க, ட்ரான்ஸிட்டில இருந்து போறீங்க. ஒரே ஒரு கண்டிஷன். வீட்டுக்குப் போகப்படாது."

அங்கிள் ஜன்னலால் பார்த்தார். அவருடைய பல்கனி, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தது. "அது நியாயம்" என்றார். இரவுக்கு ஹாஜியார் பக்கத்து ஒழுங்கை லொட்ஜில் ஓர் அறை சொன்னார். அறை பின்னேரம்தான் கிடைக்கும். அதுவரை எங்கள் அலுவலகமே ட்ரான்ஸிட் மண்டபம்.

அன்று ஒரு டிக்கட்கூடப் போட்டதாக ஞாபகம் இல்லை. அங்கிள் ஜன்னலோர நாற்காலியில் இருந்து தன் வீட்டைக் காவல் காத்தார். ஆபத்து மணிக்கொரு தரம் வந்தது.

"இஞ்சாரும், காஸைப் பூட்டினீரோ?"

"பூட்டினனான்."

"போய் ஒருக்காப் பாத்திட்டு வந்தால் என்ன? வாசல்ல நிண்டு."

"வாசல்ல நிண்டு காஸ் தெரியுமோ?"

கொஞ்ச நேரத்தில் இடுப்பில் வருகிற நாரிப்பிடிப்புக்குத் தன் சாய்மனைக் கதிரைதான் சரி என்றார். அதன் பிறகு பிறஷர் மாத்திரை வீட்டில் என்றார். அன்ரி கைப்பையைத் திறந்து மாத்திரையைக் காட்டினார். கைப்பையைத் திறந்தபோது வீட்டுக் கதவைப் பூட்டிவந்த திறப்பைப் பெருவிரலால் என் பக்கம் தள்ளினார். நான் அதை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். ஒருவரும் சொல்லித் தராமல் நான் செய்த முதல் காரியம் அதுவாக இருக்கலாம்.

பத்தரை போல மழை பிடித்தது. கொடியில் அங்கிள் வீட்டில் உடுத்துகிற நாலு சாரங்கள் காற்றில் நனைந்து ஆடின.

"தவம், சாரம்!"

"நனையட்டும்."

"திறப்பைத் தாரும்."

அன்ரி கைப்பை முழுதையும் மேசையில் கொட்டித் தேடினார். "இஞ்சதான் வைச்சனான்" என்று இரண்டு தரம் சொன்னார். நான் அறுபது டிக்கட் ஒரே நேரத்தில் போடுகிறவள் மாதிரி கணினியில் தட்டிக்கொண்டிருந்தேன். அங்கிள் எழுந்து கதவுவரை போனார். படி இறங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. கதவடியில் நின்று திரும்பி, நாலாவது முறையாகக் கட்டிய பெட்டிகளைப் பார்த்தார். ஹாஜியார் தலையைத் தூக்காமல், "மாஸ்டர், ட்ரான்ஸிட் பயணிகள் வெளியால போறதுக்கு விசா வேணும்" என்றார். அங்கிள் சிரித்தாரா இருமினாரா தெரியாது. வந்து இருந்தார்.

பிறகு அன்ரி எழுந்தார். "நான் பிள்ளையோட கோயிலுக்குப் போட்டு வாறன். பயணம் தடங்கலாப் போச்சு, ஒரு தேங்காய் உடைக்கோணும். வரேக்க கடையில சாப்பாடும் வாங்கி வாறன்."

அங்கிள் தடுக்க முடியாத ஒரே காரணம் அது. நான் லாச்சியைத் திறந்து குடையோடு சேர்த்துத் திறப்பையும் எடுத்தேன்.

அலுவலகத்தின் பின்படியால் இறங்கி, சுற்றி, கொஞ்சம் தள்ளி வீதியைக் கடந்து, அடுத்த ஒழுங்கையால் தொடர்மாடிக்குள் போனோம். அன்ரி என் கையைப் பிடித்து நடந்த வேகத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. வீட்டுக்குள் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினி. அரிசி கழுவினார், பருப்பு வைத்தார், குளிரூட்டியில் மிச்சமிருந்த கத்தரிக்காயை வெட்டினார். எல்லாம் ஒரே கையோடு. என்னைப் பல்கனிக்குப் போகவிடவில்லை. "நீர் போனால் அவர் காணுவார். நான் குனிஞ்சு எடுப்பன்" என்றார். அவர் சுவரோடு ஒட்டிக் குனிந்து சாரங்களை இழுத்தெடுத்ததை, எழுபதை நெருங்குகிற ஒரு பெண் அப்படிக் குனிய முடியுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பயமாக இருந்தது. "அன்ரி, இறங்கின ஆக்கள் திரும்பி வீட்டுக்குள்ள வந்தா..."

"இறங்கினது அவர். நான் பெட்டிக்குப் பின்னால வந்தனான்" என்றார் அன்ரி, குழம்பைக் கிண்டிக்கொண்டு. கொஞ்சம் பொறுத்து, "மூண்டு தரம் அந்தப் பெட்டியைக் கட்டி அவிட்டனான் பிள்ளை. வதனிக்கு எண்டு இடிச்ச மிளகாய்த்தூளை மூண்டு தரமும் நாங்களே சாப்பிட்டம். இந்தமுறைத் தூள் லண்டனுக்குப் போகுது. நான் அதோட போறன்." அவர் கண் கலங்கியதுபோல இருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம், நான் கேட்கவில்லை.

சோற்றையும் கறியையும் கடைப் பார்சல் மாதிரியே பொலித்தீன் தாளில் வைத்து, மேலே பேப்பர் சுற்றினார். குழம்பைத் தனியாக ஒரு பையில் கட்டினார். இரண்டு பார்சல் போதாதென்று ஹாஜியாருக்கும் எனக்கும் சேர்த்து நாலு கட்டினார். கடைசியில், கோயிலுக்குப் போன அடையாளத்துக்கு நெற்றியில் விபூதி பூச மறந்து, மாடிப்படியில் இருந்து திரும்பி ஓடினார்.

அலுவலகத்தில் மேசையைத் துடைத்துச் சாப்பிட இருந்தோம். அங்கிள் முதல் வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"எந்தக் கடை?"

"கோயிலுக்குப் பக்கத்தில. புதுசு."

"கத்தரிக்காய்க்குழம்புக்கு வெந்தயம் கூடப் போடுறான்."

"ஓம், போடுறான்தான்."

அவர் மற்ற வாயும் வைத்தார். வெயில் வந்துவிட்டிருந்தது. பழக்கத்தில் ஜன்னலால் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

"தவம், கொடியில சாரத்தைக் காணேல்லை."

"காத்துக்கு விழுந்திருக்கும்."

"நாலுமோ?"

"பெரிய காத்துத்தானே."

அங்கிள் இடது கையால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். ஆயுள் முழுக்கத் தூரத்தில் நிற்கிற சின்னக் கம்பங்களைக் குறிபார்த்த கண். "கிளிப் எல்லாம் கழண்டு கொடியில தொங்கிற கூடைக்குள்ள போயிருக்கு" என்றார்.

ஹாஜியார் தன் பார்சலில் ஏதோ கல் தேடுவதுபோல இருந்தார். அன்ரி குனியவில்லை, கைப்பையையும் பிடிக்கவில்லை. அங்கிளின் முகத்தையே நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நல்ல நேரம் கெட்டுவிட்டது என்றால், பெட்டி நாலாவது முறையும் அவிழும். ஆனால் அன்று அன்ரியின் முகத்தைப் பார்த்தால், அவிழ்ந்தாலும் அவருடைய ஒரு பெட்டிதான் அவிழும் போல இருந்தது. அங்கிளுக்கும் அப்படித் தெரிந்திருக்கவேண்டும்.

"கடல் காத்து" என்றார் கடைசியில். "வெள்ளவத்தையில அப்பிடித்தான் அடிக்கும். அந்தக் குழம்புப் பையை இஞ்சால தாரும்."

அன்ரி பையை அவிழ்த்து முழுக்குழம்பையும் அவருடைய சோற்றில் ஊற்றினார்.

அப்போது மணி ஒன்றரை தாண்டியிருந்தது. அங்கிள் கையில் கட்டியிருந்த கொழும்பு மணிக்கூட்டைப் பார்த்து, "ராகுகாலம் தொடங்கீட்டுது ஹாஜியார்" என்றார். "இஞ்ச இருக்கிறதால ஒன்றரை மணித்தியாலத்தில முடியும்."

"ஒரு மணித்தியாலம் லாபம்" என்றார் ஹாஜியார்.

வதனிக்குப் பெண்பிள்ளை பிறந்தபோது அன்ரி பக்கத்தில் இருந்தார் என்று பிறகு போன் வந்தது. லண்டனுக்கு எத்தனை மணித்தியாலம் என்று ஹாஜியாரின் பேத்தியின் போன் சொல்லும். சரியாகவும் சொல்லும். அன்றைக்கு எங்கள் ஜன்னலிலிருந்து அந்தப் பல்கனிவரை எவ்வளவு தூரம் இருந்தது என்று அதில் தட்டிப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. சுனில் லொட்ஜ் வாசலுக்கு வானைக் கொண்டுபோய் அவர்களை ஏற்றினான். விமானம் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. மழை இல்லை.